விற்றுவிட்ட மென்பொருள்

7 ஜூன் 1999, திங்கள்

எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருவது பழகிவிட்டது. காப்பி நன்றாக இருக்கிறது. வேலைதான் இல்லை. கிரணும் நானும் ஜீவனஹள்ளி மாடியறையில் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய மருத்துவமனை மென்பொருளை இவர்கள் வாங்கி, கூடவே எங்களையும் வேலைக்கு எடுத்தார்கள். வாங்கியதைப் பூட்டி வைத்துவிட்டு, தங்களுடையதை மட்டும் விற்கிறார்கள். போட்டி ஒழிந்தது, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்ட அன்று தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தோம், அசடுகள்!

14 செப்டம்பர், செவ்வாய்

எங்கள் ஊர் தங்கவயலிலிருந்து நோரா போன் செய்தாள். மிஷன் டிஸ்பென்சரி நர்ஸ். எங்கள் மென்பொருளை முதன்முதலில் வாங்கியவர்கள் அவர்கள்தான்.

"யாமினி, ஜனவரி தேதி போட்டுப் பாத்தேன். ஒருத்தருக்கும் மருந்து வேணாம்னு சொல்லுதுடி."

எல்லோரையும் போல நாங்களும் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான் வைத்தோம். 2000 வந்தால் 1900 என்று நினைத்துக்கொள்ளும். யாருக்கு என்றைக்கு டி.பி. மருந்து என்று அதுதான் சொல்ல வேண்டும். நடுவில் விட்டால் அப்புறம் எந்த மருந்துக்கும் கேட்காது. எல்லாம் சுரங்கத்தூசி தின்ற நெஞ்சுகள். அப்பாவும் அங்கேதான் மருந்து வாங்குகிறார். கையால் எழுதிய பழைய நோயாளி அட்டைகளைத் தூக்கிப் போடச் சொன்னதும் நாங்கள்தான்.

நாலு வரி மாற்றினால் போதும். நாலே வரி!

3 நவம்பர், புதன்

அந்த நாலு வரியை மாற்ற மேலாளர் மமதாவிடம் மறுபடியும் அனுமதி கேட்டேன்.

"நோடு, இங்க பாரு யாமினி, அத வாங்கினதே மூடறதுக்குத்தான். டிஸ்பென்சரிய நம்ம சாப்ட்வேர் வாங்கச் சொல்லு."

அந்த விலைக்கு டிஸ்பென்சரியையே வாங்கலாம்.

"நானே ஞாயித்துக்கிழமை போயி, காசு வாங்காம—"

"தொட்டா காப்பிரைட் கேஸ். ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது நீதானே?"

குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. பாத்ரூமில் போய் அழுதேன். என் கையால எழுதுனது, என் தலைக்குள்ள இருக்குது, அத நான் தொடக்கூடாதாம். என்னாத்துக்குக் குடுத்தேன்?

5 நவம்பர்

தெரிந்த வக்கீல் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தார். "ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க" என்றார்.

11 டிசம்பர், சனி

அப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். பாதிப் பேச்சு இருமல்.

"நோரா பயப்படுதும்மா. நீ எழுதினதுதானே, நீ பாத்துக்க மாட்டியா?"

"வித்துட்டேன்பா."

"வித்தா இன்னா? பேனாவையா புடுங்கிக்கினாங்க?"

ஆமாம்ப்பா. அதைத்தான் பிடுங்கினார்கள்.

26 டிசம்பர், ஞாயிறு

கிரண் வந்தான். அடுத்த மாதம் அமெரிக்கா போகிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மென்பொருளத் தொடாதே மாராயத்தி, தாயே" என்றான். "கம்ப்யூட்டர் கடிகாரத்தப் பின்னால தள்ளு. 1972க்கும் 2000க்கும் ஒரே காலண்டர். கடிகாரத்துக்கு எவன் காப்பிரைட் வெச்சிருக்கான்?"

ரொம்ப நாளைக்கு அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம். அவன் போனதும் வெட்கமாக இருந்தது. மூன்று வருட உழைப்பு, கடைசியில் கடிகாரத்தைத் திருகுவதில் வந்து நிற்கிறது.

2 ஜனவரி 2000, ஞாயிறு

தங்கவயல். கம்ப்யூட்டர் கடிகாரத்தை 1972க்குத் தள்ளினோம். நேற்றும் இன்றும் நோராவும் நானும் எல்லோருடைய கடைசி மருந்துத் தேதியையும் இருபத்தெட்டு வருடம் பின்னுக்கு மாற்றினோம். நோயாளி விவரம் டிஸ்பென்சரியுடையது, அதை எவனும் கேட்க முடியாது. யாருக்கு என்றைக்கு மருந்து என்று சரியாக வருகிறது. 1972க்கு அப்புறம் பிறந்த யாரையும் ஏற்க மாட்டேன் என்கிறது. அவர்களை நோரா கையால் எழுதிக்கொள்வாள். என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

8 ஜனவரி, சனி

அப்பாவோடு டிஸ்பென்சரிக்குப் போனேன். சீட்டு வந்தது. தேதி 8-1-72. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இன்னாம்மா இது, என் வயசு முப்பத்திரண்டுன்னு போட்டுக்குது?"

"அப்படித்தான்பா வரும். ஒண்ணும் பண்ண முடியாது."

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அந்த வருசம் எனக்கு இருமலே இல்லியே" என்றார். பிறகு மாத்திரை போட நோராவிடம் தண்ணீர் கேட்டார்.