எல்லைக் கோட்டுக்கு வெளியே விளைந்த சோளன்

மச்சான்,

இன்று நிலாவெளி வீதியோரத்தில் சோளன் அவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பானை மூடியைத் திறந்ததும் வந்த மணத்தைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒரு கதிர் வாங்கித் தின்றேன். தின்னும்போதே உன் நினைப்பு வந்து சிரிப்பும் வந்துவிட்டது. விற்ற பெண் என்னை ஒரு மாதிரித்தான் பார்த்தாள்.

இறக்கக்கண்டியில் நமது கரப்பந்து மைதானத்தில் நீ சோளன் போட்ட கதையை அவளுக்கு எப்படிச் சொல்வது? புற்றுமண் கொட்டி, தண்ணீர் தெளித்து, வரிசையாகக் கைகோத்து நின்று மிதித்து மிதித்து நாம் இறுக்கிய தரை அது. பந்து விழுந்தால் தலைக்கு மேல் எழும்பும். பிறகு சண்டை மூண்டு ஆமிக்காரர் பாதையைப் பூட்டினார்கள். பொழுதுபட நாலு இளைஞர் கூடி நின்றாலே கேள்வி வந்த காலம். வலையைக் கழற்றி உன் வீட்டுக் குசினிப் பரணில் போட்டோம்.

சும்மா கிடந்த தரையில் பயிர் வைக்க உனக்கு வயிற்றுப் பாட்டைவிடப் பெரிய காரணம் இருந்தது. வெருகல் திருவிழாவில் கண்ட பெண்ணையே கட்டுவது என்று நின்றாய். அவள் தகப்பன் வயல்காரர். பந்தடித்துத் திரிகிறவனுக்குப் பெண் இல்லை, ஒரு பயிராவது வைத்துக் காட்டட்டும், பாதை திறந்ததும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பாதை எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கே திறந்தாலும் திறக்கும்.

மண்வெட்டியால் மேலாகச் சுரண்டி விதை போட்டோம். பிறகு செய்ததுதான் வேடிக்கை. பழக்கதோஷம் விடவில்லை. தண்ணீர் தெளித்து, கைகோத்து, விதைக்கு மேலேயே மிதித்துவிட்டோம். முளைத்ததே அதிசயம். முழங்கால் உயரத்துக்கு வரமுதல் இலையெல்லாம் ஊதா நிறமாகிச் சுருண்டது. யூரியா கொண்டுவரத் தடை என்பதால் மாட்டெருவும் சாம்பலும் அள்ளி அள்ளிப் போட்டோம். ஊதா இன்னும் கூடியது. எல்லைக் கோட்டுக்கு வெளியே, யாரும் மிதிக்காத பூவரசடியில் சிதறி விழுந்த நாலைந்து விதை மட்டும் எரு இல்லாமலே பச்சைப் பசேலென்று நின்றது.

நீ இரண்டையும் பிடுங்கிப் பார்த்தாய். மைதானத்துச் செடியின் வேர் கட்டையாகத் தடித்து, கீழே இறங்க மாட்டாமல் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. பூவரசடிச் செடியின் வேரை உதறினாலும் மண் விடவில்லை.

"எரு கிடக்கு மச்சான். எடுக்கத்தான் ஆளில்லை" என்றாய்.

உயர்தர வகுப்பில் படித்த உயிரியலை அன்றைக்குத்தான் நீ முழுதாகப் பாவித்திருப்பாய். இலை ஊதாவாவது பொஸ்பரஸ் கிடைக்காததாலாம். அது இருந்த இடத்தை விட்டு லேசில் அசையாதாம். வேர்தான் தேடிப் போகவேண்டும். வேருக்கு எட்டாத இடத்துக்கு, வேரிலேயே குடியிருக்கும் பூஞ்சண இழைகள் போய் எடுத்து வருமாம், அதற்குக் கூலியாகச் செடி சீனி கொடுக்குமாம். நம்முடைய தரையிலோ வேர் நுழைய இடமில்லை, மண்ணுக்குள் காற்றில்லை. இத்தனை வருடம் ஒரு புல்லும் முளைக்க விடாததால் அந்தப் பூஞ்சணத்துக்கும் சோறு இல்லை. இழையைக் காட்டு என்றேன். கண்ணுக்குத் தெரியாது என்றாய். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பிக் கலியாணம் கட்டப் புறப்பட்ட ஆள் நீ ஒருவன்தான் என்று நான் பகிடி பண்ணினேன்.

ஆனாலும் நிலம் பிளக்கும் இரும்பு அலவாங்கைப் பிடித்தேன். பாதி மைதானத்தை ஆழமாகப் பிளந்து, இலைகுழை போட்டு, பூவரசடி மண்ணைச் சிறு வேர்களோடு அள்ளிக் குழிக்கு ஒரு பிடி வைத்து, புதிதாக விதைத்தோம். இந்த முறை யாரும் கால் வைக்காதபடி பந்து வலையையே சுற்றிக் கட்டினாய். அந்தச் சோளன் எழும்பின வேகத்தைப் பார்த்து நாம் துள்ளினோம்.

கதிர் முற்றும்போது பாதை திறந்தது. அவள் தகப்பன் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் பழைய ஊதாச் செடிகளைப் பிடுங்கி எறிவோம் என்றேன். நீ சம்மதிக்கவில்லை.

"அதுவும் நான் வைச்சதுதானே. ரெண்டையும் பாத்திட்டுச் சொல்லட்டும்."

அவர் குடை நுனியால் பழைய வரிசையில் குத்தினார். இறங்கவில்லை. புதிய வரிசையில் குத்தினார், சரேலென்று இறங்கியது. என்ன செய்தீர் என்று கேட்டார். மிதித்ததையும் மறைக்காமல் எல்லாம் சொன்னாய். அவர் குடை நுனியில் ஒட்டிய மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"என்ர வயலும் வாகனம் ஏறி ஏறி இறுகிப்போச்சுத் தம்பி. என்ன போட்டும் எழும்புதில்லை. கலியாணம் முடிஞ்ச கையோட அதையும் ஒருக்காப் பாருங்கோ."

உனக்கு முந்தி, "ஓம் ஐயா" என்று சொன்னது நான்தான். அவர் போனதும் நீ அடித்த கூத்தில் மூன்று செடி முறிந்தது.

போன மாரிக்கு முன் உன்னை மண்ணில் வைத்தோம். குழியை மூடியபின் வழக்கம்போல மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி இறுக்கப் போனார்கள். "இறுக்காதீங்கோ" என்று என்னையறியாமல் சத்தம் வைத்துவிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து உன் மனைவியிடம் சொன்னபோது, அத்தனை அழுகைக்கு நடுவிலும் அவள் சிரித்தாள்.

"அண்ணை, பூவரசடி மண் ஒரு பிடி போட்டனீங்களோ?" என்று கேட்டாள்.

போட்டேன் மச்சான். அன்று வீட்டிலிருந்து புறப்படும்போதே எனக்கு நினைவு வந்து, சட்டைப் பைக்குள் கொண்டுதான் வந்திருந்தேன்.