நடப்பது நான், சுடுவது நீ

இன்று மதியம் உன் வீடியோ கேம் பெட்டியை மறுபடி இயக்கினேன். உள்ளே விசிறி சுற்றத் தொடங்கியதும் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. அந்த வாசனை வரும்போதெல்லாம் நீ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் சாய்வாய்.

சித்தூரில் உனக்கு டயாலிசிஸுக்கு இடம் கிடைக்கவில்லை என்று திருப்பதிக்கு என் வீட்டுக்கு வந்தாய். துணிப்பையோடு இந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாய்.

"வயசு நாப்பதாவப் போவுது, இதெல்லாம் எதுக்குடா?"

"நீ சீரியல் பாக்கறியே, அதுமாரிதான்கா. இதுல கூடவே சுடலாம், அவ்ளோதான்."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நாட்களில் ஊசி குத்திய உன் இடது கையை ஆட்டக் கூடாது. "அண்ணா, செய்யி கதிலிஞ்சொத்து" என்று நர்ஸ் தெலுங்கில் மிரட்டித்தான் அனுப்புவாள். அப்படித்தான் ஒரு கன்ட்ரோலரை இரண்டு பேர் பிடிக்கிற வழக்கம் நமக்கு வந்தது. இடது பாதி எனக்கு, நடப்பதற்கு. வலது பாதி உனக்கு, குறி பார்க்கவும் சுடவும். நான் திரையில் நம் ஆளைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டி நிறுத்துவேன்.

"இன்னாக்கா, செவுத்துக்கு முத்தம் குடுத்துக்கினு நிக்கிற? எதிரி சுட்டுக்கினே கீறான்."

"நீ ஒழுங்கா சுடு. நடக்கறத எங்கிட்ட வுடு."

அந்த விளையாட்டின் கதை என்னையும் இழுத்தது. வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நகரத்தில், போரில் பிரிந்த கூட்டாளியைத் தேடிப் போகிறான் ஒரு பழைய சிப்பாய். வாக்கிடாக்கியில் அவ்வப்போது அந்தக் கூட்டாளியின் குரல் மட்டும் வரும். பழைய கேலி, பழைய திட்டு. அந்த நேரங்களில் சண்டை கிடையாது. படகு போகும், தகரக் கூரைகளில் மழை பெய்யும். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று தண்ணீரை அளந்து குடித்துக்கொண்டிருந்த நீ அந்த வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இவனுங்களுக்கு மட்டும் எவ்ளோ தண்ணி பாருக்கா" என்று சிரித்தாய்.

ஆனால் அடுத்த தெருவில் அந்த அழகெல்லாம் போய்விடும். தான் கொன்ற ஒருவனின் பக்கத்தில் உட்கார்ந்து நம் சிப்பாய் அழுவான். எழுந்து திரும்பியதும் ஒட்டடை அடிப்பதுபோல ஆட்களைச் சுட்டுத் தள்ள வேண்டும். அவர்களுக்குப் பெயரில்லை, முகம்கூட ஒன்றுபோலத்தான். "இப்பதான அழுதான், அதுக்குள்ள மறந்துட்டானா?" என்று கேட்டாய். இடுப்பளவு சுவர்கள் வரிசையாகத் தெரிந்தால் சண்டை வரப்போகிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது. உனக்கு அதே படுக்கை, அதே ஊசி. வீட்டுக்கு வந்தால் அதே குட்டிச்சுவர். இரண்டு பேருக்கும் அலுத்துப்போயிருந்தது. அந்தக் குரலுக்காகத்தான் தொடர்ந்தோம்.

கடைசியில் கூட்டாளி கிடைத்தான். நம்மைத் துரத்திய கும்பலுக்கே அவன்தான் தலைவன். கையில் ஆயுதமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சுடு என்றது திரை. நான் நம் ஆளைக் கதவுப் பக்கம் நடத்திப் பார்த்தேன், கதவு திறக்கவில்லை. நீ விரலை எடுத்துவிட்டாய்.

"இவ்ளோ தூரம் இவன் கொரல கேக்க வெச்சிட்டு இப்ப சுட சொல்றான். நா மாட்டேன்கா."

"சுடலன்னா கதை முடியாதுடா."

"முடியாட்டி போவட்டும்."

அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நீயே பெட்டியை அணைத்துவிட்டாய்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது நீயாகவே அந்தப் பேச்சை எடுத்தாய். "முடிவு இன்னான்னு நீ பாத்து சொல்லுக்கா. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே சொல்லு. எனக்கோசரம் நல்லா கீதுன்னு சொல்லாத." நான் சரி என்றேன். நான் பார்த்துச் சொல்வதற்குள் நீ போய்விட்டாய்.

இத்தனை மாதம் அதைத் தொடவில்லை. சுடும் பொத்தானை அமுத்தாதவரைக்கும் நமக்குள் முடியாத ஒன்று பாக்கி இருந்தது. எவ்வளவு நாள்தான் அப்படியே வைத்திருப்பது. இன்று முதல்முறையாக வலது பக்கம் விரல் வைத்தேன். அமுத்தினேன்.

நல்லா இல்லடா. சாகும்போது அந்தக் கூட்டாளி எவனோ எழுதிக்கொடுத்த வசனத்தை நீளமாகப் பேசினான். உடனே மழை நின்று வெயில் வந்தது. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். அத்தனை பேரைச் சுடவைத்தவர்களுக்கு ஒருவனை விட்டுவிட ஒரு வழி வைக்கத் தெரியவில்லை. நீ எடுத்த முடிவுதான் சரி.

அதற்குப் பிறகு கதவு திறந்தது. சிப்பாய் துப்பாக்கியைக் கீழே போட்டான். வெளியே வெள்ளம் வடிந்த நீண்ட சாலை. வலது பக்கப் பொத்தான்கள் எதுவும் வேலை செய்யவில்லை, நடக்க மட்டும்தான் முடிந்தது. எங்கும் முட்டாமல் சாலை முடியும்வரை நடந்தேன்.

அந்த இடம் மட்டும் நன்றாக இருந்தது. உனக்காகச் சொல்லவில்லை.