சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று தேவாலயத்தில் கையைத் தூக்கிவிட்டேன். ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, கல்லறைத் தோட்டத்துப் புல்லை இந்தக் கோடையில் யார் வெட்டுவது என்று பாஸ்டர் கெர்ஸ்டின் கேட்டார். எல்லோரும் அவரவர் தட்டிலிருந்த கேக்கை உற்றுப் பார்த்தார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவள் நான். ஓய்வு பெற்றபின் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறேன். உட்கார்ந்து ஓட்டும் வண்டி என்றதும் கை தானாக எழுந்துவிட்டது.

கூடவே இன்னொரு கையும் எழுந்தது. வெண்டல் ஹாகன். பால் பண்ணையை மகனிடம் விட்டுவிட்டுச் சும்மா இருக்கும் மனிதர், மனைவியை இழந்தவர். ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான்.

ஏப்ரல் 30

கொட்டகையில் புல்வெட்டி வண்டியைப் பார்த்தேன். ஓட்டுபவர் எழுந்தால் எஞ்சினை அணைக்க சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை வேலை செய்ய விடாமல் யாரோ ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து வைத்திருக்கிறார்கள். வெண்டலுக்குப் போன் செய்தேன்.

“அதுவா? நான்தான் போன வருஷம் கட்டி வெச்சேன். மேடு பள்ளத்துல ஏறினா பொசுக்குன்னு நின்னுடுதுங்க. நீங்க வேற பஞ்சு மாதிரி எடையே இல்லாம இருக்கீங்க. ஒவ்வொரு தடவ குதிக்கும்போதும் நின்னா வெட்டி முடிக்க கிறிஸ்துமஸ் ஆயிடும்.”

“பிரேக் இல்லாத பஸ்ல உங்க பேரப்பிள்ளைய ஏத்தி விடுவீங்களா?”

“இது பஸ் இல்லீங்க. புல்லு வெட்டுறது.”

“அதுக்குப் புல்லு எது, காலு எதுன்னு தெரியுமா?”

போனை வைத்துவிட்டார். இல்லை, நான்தான் வைத்தேன்.

மே 3

என் வாரம். அந்த வண்டியில் ஏறவில்லை. என் வீட்டிலிருந்து கையால் தள்ளும் புல்வெட்டியைக் கொண்டுபோய் முன்பக்கத்தை மட்டும் வெட்டினேன். முதுகு போயிற்று. பிடிவாதமா? ஆமாம்.

மே 11

“நம்ம ஆர்டிஸ் அந்த வண்டிக்கு ஞானஸ்நானம் குடுத்தாத்தான் ஏறுவாங்களாம்!” காபி மேசையில் வெண்டல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன், நன்றாகத்தானே சொன்னார். வீட்டுக்கு வந்தப்புறம்தான் கோபம் வந்துச்சு. என்ன மனுஷன்!

மே 23

திங்கட்கிழமை போர்வீரர் நினைவு நாள். கல்லறைகளுக்கு ஊரே வரும். இந்த வாரம் வெண்டலின் முறை. சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். கையில் மளிகைக்கடைப் பையோடு நிற்கிறார். உள்ளே ஒரு பூட்ஸ். அதன் நுனியைக் காணோம். கத்தியால் சீவியது போல.

“எடது கால்” என்றார்.

நான் அவர் காலைத்தான் பார்த்தேன்.

“எல்லா விரலும் இருக்கு. ரெண்டு தடவ எண்ணிட்டேன். ஈரப்புல்லு போய் அடைச்சுக்கிச்சு. பிளேட நிறுத்தாம இறங்கி, காலால தட்டி விட்டேன்.” தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “பூட்ஸ எப்பவும் ஒரு அளவு பெருசா வாங்குறேன்னு மரியான் சாகுறவரைக்கும் திட்டிக்கிட்டே இருந்தா. இன்னிக்கித்தான் அவளுக்குப் பதில் கெடச்சுது.”

சிரித்தேன். பிறகு, “அறிவிருக்கா உங்களுக்கு? நான் என்ன வேலையத்துப் போயா சொன்னேன்?” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் அப்படியே நின்று கேட்டுக்கொண்டார்.

“புது சுவிட்ச் வாங்கிட்டேன். நாளைக்கு மாட்டும்போது கூட இருக்கீங்களா?”

மே 24

சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிய பிறகே வண்டிக்கு அடியில் கையை விட்டோம். பார்த்தால் சீட்டின் ஸ்பிரிங்கே தேய்ந்து கிடக்கிறது. வண்டி பொசுக்கென்று நின்றதற்குக் காரணம் அதுதான். பாவம், சுவிட்ச் என்ன செய்யும்? அதையும் மாற்றினோம். எல்லாம் பூட்டியபின் நான் ஏறி, பிளேடை ஓடவிட்டு, சீட்டிலிருந்து எழுந்தேன். அடங்கிவிட்டது.

“ஆமென்” என்றார் வெண்டல்.

மே 26

கொடிகள், பூக்கள், வெயில். சனிக்கிழமை மீதிப் புல்லை வெட்டியது நான்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. மூன்று பேரிடம் மட்டும் சொன்னேன்.

ஜூன் 20

இன்று முட்டாள்தனம் என்னுடையது. நாளை தேவாலயத்தில் ஒரு கல்யாணம். காலையில் மழை பெய்திருந்தது. புல் காயக் காத்திருக்காமல் ஓடைக்கரைச் சரிவில் ஏறினேன். அதுவும் குறுக்காக! சரிவில் மேலும் கீழுமாக ஓட்டவேண்டும், ஈரத்தில் அதுவும் கூடாது. தெரியும். தெரிந்தே போனேன். ஏன்? அவசரமாம்.

சக்கரம் வழுக்கியது. ஸ்டீயரிங் யார் பேச்சையும் கேட்கவில்லை. ஓடையை நோக்கிப் பக்கவாட்டில் சறுக்கி, வேலிக்கம்பத்தில் இடித்து நின்றது. நான் மேல்பக்கமாகக் குதித்துவிட்டேன். முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

வெண்டல் சங்கிலியோடு வந்து வண்டியை இழுத்துப் போட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“சொல்லிடுங்க. மனசுல வெச்சுக்காதீங்க” என்றேன்.

சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். “நீ போன் பண்ணப்ப என் கார் சாவியக் கண்டுபுடிக்க முடியல ஆர்டிஸ். கையிலதான் வெச்சிருந்தேன். அவ்ளோ பயந்துட்டேன்.”

இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுப்பில் வைத்து, வரச்சொன்னேன்.

ஜூன் 21

காயட்டும். புல் காய்ந்த பிறகே இனி.

ஜூலை 9

அந்தச் சரிவை இனி வெட்டுவதில்லை. பாஸ்டரும் சரி என்றார். காட்டு டெய்சி முளைக்கட்டும்.

ஜூலை 26

என் வாரத்திலும் வருகிறார். “பெட்ரோல் கொண்டாந்தேன்” என்கிறார். எஞ்சின் ஆறிய பிறகுதான் பெட்ரோல் ஊற்றவேண்டும். ஆறுவதற்குக் கால்மணி நேரம் போதும். இன்று மேப்பிள் நிழலில் உட்கார்ந்து சாயங்காலம் வரை ஆற விட்டோம்.

ஆகஸ்ட் 16

மரியானைப் பற்றிப் பேசினார். நான் கல்யாணம் செய்துகொள்ளாததைப் பற்றிக் கேட்டார். “பஸ் நிறைய பிள்ளைங்க, நேரமே கெடைக்கல” என்றேன். பாதி உண்மை.

அக்டோபர் 18

கடைசி வெட்டு. வண்டிக்கு அடியில் ஒட்டியிருந்த புல்லைச் சுரண்டி, பிளேடைத் தீட்டி மாட்டினோம். பெட்ரோல் குளிர்காலத்தில் கெடாமலிருக்க மருந்து கலந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தோம். பாட்டரியைக் கழற்றினோம். போன வருஷம் சீட்டில் எலி குடும்பம் நடத்தியதாம். கொட்டகை ஓட்டைகளை இரும்பு நார் வைத்து அடைத்தேன்.

தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வெண்டல் அங்கேயே நின்றார்.

“இனி ஏப்ரல் வரைக்கும் என்ன சாக்கு சொல்லிட்டு உன் வீட்டுக்கு வர்றது?”

“சாக்கு எதுக்கு?” என்றேன்.

சொல்லிவிட்டேனே! வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். மூக்கில் கிரீஸ்.

ஜனவரி 25, ஞாயிறு

வெளியே பனி இடுப்பளவு. சபையின் ஆண்டுக் கூட்டம். அடுத்த கோடைக்கு யார் என்று பாஸ்டர் கேட்டதும் இரண்டு கைகளும் சேர்ந்தே எழுந்தன. கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்தார்.

“புல் வெட்டுறவங்களுக்கு நன்றி அட்டை அனுப்பணும். பழைய முகவரிதானே, ரெண்டு பேருக்கும்?”

வெண்டலின் காது சிவந்துவிட்டது. கேக்கை உற்றுப் பார்த்தார்.

“ஒரே அட்டை போதும், பாஸ்டர்” என்றேன் நான். “அவர் வீட்டு முகவரிக்கு.”