புவுலோவாப் பாறையில் நம் பையனின் தொப்புள்கொடி

அன்பு லோகேலானி,

பால் நன்றாகச் சுரக்கிறதா? அத்தையின் முட்டுவலி தேவலையா? நான் சுகம்.

நம் பையனின் தொப்புள்கொடியைப் படகில் அனுப்பினாயே, அதோடு ஞாயிறன்று, என்னோடு மாடு மேய்க்கும் கெயாவேயும் நானும் புவுலோவாப் பாறைக்கு நடந்தோம். முன்னோர் செதுக்கிய உருவங்களை மிதிக்காமல் போய், பாறைக்குழி ஒன்றில் கொடியை வைத்து, ஆயுசு கேட்டுக் கல்லால் மூடினேன். பாதி தூரம் திரும்பியதும் எலி ஞாபகம் வந்தது. எலி தூக்கிப்போனால் பிள்ளை திருடனாவான் என்பார்களே! கல் சரியாக மூடியதா? பார்க்க ஓடினேன். எங்கும் ஒரே மாதிரிக் குழிகள். ஒரு கல்லைத் தூக்கினால், உள்ளே வேறு யாருடைய பிள்ளையின் கொடியோ!

“டேய், அடுத்தவன் பிள்ளை ஆயுசைத் திறக்காதடா, மூடு!” என்று கத்தினான் கெயாவே.

“என்னுது எங்கடா?”

“போனா போவுது. உன்னை மாதிரி மாடு மேய்க்கிறதுக்குத் திருடனாவே இருக்கலாம்.”

சிரிக்காதே. கடைசியில் நீ கட்டிய சிவப்பு நூல் ஒரு கல்லடியில் தெரிந்தது. மேலே இன்னொரு கல்லும் வைத்தேன்.

உலர்த்திய மீன் கொஞ்சம் அனுப்பு. பையனுக்கு எங்காவது மச்சம் இருந்தால் மறக்காமல் எழுது. அந்த நூல் இல்லாவிட்டால் எது என் பிள்ளையுடையது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. நான் படகைவிட்டு இறங்கும் அன்று துறையில் நிறையப் பிள்ளைகள் நிற்பார்களே.

தபால்காரன் கூப்பிடுகிறான்.

உன் மகோவா