அம்மாவுக்கு நான் சொன்ன பதில்

குளத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சபிதாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறேன், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, நீயாவது சுகமாயிருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறேன். அம்மாவை அடக்கம் செய்த மறுநாளே என் முகத்தைப் பார்க்காமல் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டாய், போனையும் எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவின் நோயைப் பற்றி "எத்தன நாளா தெரியும்" என்று கேட்டாய், இரண்டு மாதம் என்றேன், மீதியைச் சொல்ல நீ நிற்கவில்லை. வயிற்றுக் கட்டி முற்றிவிட்டது என்று கோவில்பட்டி டாக்டர் சொன்ன அன்றே உனக்குப் போன் போட எடுத்தேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக் கிரகத்தைச் சுற்றப்போகும் விண்கலத்தில் எடை கூடிவிட்டது, இரண்டு மாதத்தில் கூட்டம் போட்டு ஒரு கருவியைக் கழிக்கப் போகிறார்கள், அது என்னுடையதாக இருக்குமோ என்று நீ அழுதது முந்தின வாரம்தானே. "ஆறு வருசமா பாடுபட்டிருக்கா, கூட்டம் முடியுத வரைக்கும் புள்ளைட்ட மூச்சு விடக்கூடாது" என்று சத்தியம் வாங்கினாள். ஒரு ராத்திரிப் பயணத்தில் வந்திருப்பாய். உன்னை வரவிடாதது என் தப்புதான், அம்மாவைக் கோபிக்காதே.

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டில் சுடலையம்மாளிடம் அம்மாவுக்கு எப்போதும் உன் பேச்சுதான். "அங்கன எப்பவும் மேகம் மூடியே கெடக்குமாம், பெய்யுதது தரைக்கு வராம நடுவுலயே காஞ்சிருமாம், எம் மவ அதத்தான் அளக்கப் போறா" என்பாள். "நம்ம கரிசக்காடு மாதிரில்லா இருக்கு" என்று அந்தம்மாள் சிரிக்கும், வலியோடு இவளும் சிரிப்பாள்.

கூட்டம் நடந்த வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து உனக்கு ஐந்தாறு தடவை போன் போட்டேன், அணைந்திருந்தது. சாயங்காலம் அவளுக்குப் பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. "என்னங்க, மவ கருவிய சேத்துட்டாவளா" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது. "சேத்துட்டாவ, இப்பத்தான் பேசுனா" என்றேன். ஸ்தோத்திரம் என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தாள், பிறகு பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூச்சு நின்றது.

மகளே, நான் சொன்னது மெய்யா பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டத்தில் என்ன முடிவானது என்று நீயும் யாரிடமும் சொல்லவில்லை. கோபம் ஆறுகிறபோது ஆறட்டும், வேளைக்குச் சாப்பிடு, கர்த்தர் உன் கைவேலையை ஆசீர்வதித்து உன்னைக் காப்பாராக. உன் கருவியைச் சேர்த்தார்களா என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடு. இல்லை என்றாலும் தயங்காமல் எழுது, கல்லறைக்குப் போய் அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பா
ஜெபதுரை