எந்தப் பெட்டி, யார் பெயர்

பிப்ரவரி 3, செவ்வாய்

சினிமாக்காரர் ஒருவர் போன் செய்தார். மரண கானா பாடும் பெண் குரலைத் தேடிக்கொண்டிருந்தாராம். காசிமேட்டில் ஒரு சாவு வீட்டில் நான் பாடிய வீடியோ யாரோ அனுப்பியிருக்கிறார்கள். ஸ்டுடியோவுக்கு வர வேண்டாம், வீட்டிலேயே பதிவு செய்து அடுத்த வியாழனுக்குள் அனுப்புங்கள், நன்றாக வந்தால் அதுவே படத்தில் வரும் என்றார். மொபைலில் பதிந்தது மட்டும் கூடாதாம்.

டோல்கேட்டில் சவுண்டு சர்வீஸ் நடத்தும் உபைதுல்லா பாயிடம் ஓடினேன். நல்ல மைக் ஒன்றை இரவலாகக் கொடுத்தார். அதை லேப்டாப்பில் நேராகச் சொருக முடியாது. நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு பெட்டி வேண்டும். அதுதான் மைக்குக்குக் கரண்ட் கொடுத்து, குரலை லேப்டாப்புக்குள் அனுப்பும். பாயிடம் இரண்டு பெட்டிகள் விலைக்கு இருக்கின்றன. சின்னது லேப்டாப்பிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். பெரியது நாலு மைக் தாங்கும், ஆனால் அதற்குத் தனி அடாப்டர், சுவரில் பிளக் வேண்டும்.

என்னால் ஒன்றுதான் வாங்க முடியும்.

பிப்ரவரி 4, புதன்

வேலை பார்க்கும் யார்டு ஆபீசில் கன்டெய்னர் நம்பர் அடித்துக்கொண்டே இதே யோசனை. யூட்யூபில் ஆளுக்கொன்று சொல்லி உயிரை வாங்குகிறார்கள். சின்னதே போதும் என்கிறான் ஒருவன். பெரியதில்தான் இரைச்சல் குறைவு என்கிறான் இன்னொருவன். பாடப்போவது நான் ஒருத்தி. நாலு மைக் எதற்கு? ஆனால் சின்னதைப் பார்த்தால் சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது. சினிமாவுக்குப் பாடுகிறவள் சோப்பு டப்பாவிலா பாடுவாள்?

பிப்ரவரி 5, வியாழன்

பெரியதையே வாங்கிவிட்டேன். பாய் தலையைச் சொறிந்தார். “ஒத்த வாய்க்கு இத்தாம் பெரிய பொட்டியாமா?” என்றார். “பாடறது நானு. குடு பாய்” என்றேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

மேசைமேல் பெட்டியை வைத்துப் பிளக் போட்டேன், பச்சை விளக்கு எரிந்தது. மாமியார் குப்பம்மா மீன் கூடையை இறக்கிவிட்டு வந்து நின்றார். “இன்னாமே இது?” என்றார். சொன்னேன். எந்தப் பாட்டு என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன்.

“எம் புள்ள கடல்ல கீறான். நீ வூட்ல ஒக்காந்துகினு சாவுப் பாட்டு பாடுவியா? பாடிப் பாரு, வாய கிழிச்சிட்றேன்.”

எனக்குத் தெரியாததா? ஆம்பளை கடலில் இருக்கும்போது வீட்டுக்குள் ஒப்பாரியோ மரண கானாவோ வாயில் வரக்கூடாது. சாவு வீட்டில் பாடலாம், அது செத்தவருக்கு. வீட்டுக்காரர் ஜெகதீசன் போன வாரம் போன லாஞ்சு வருகிற செவ்வாய்தான் கரை திரும்பும். சினிமா என்றதும் அதெல்லாம் மறந்துபோயிற்று எனக்கு. வெளியே எங்காவது போய்ப் பாடலாம் என்றால் இந்தப் பெரிய சனியனுக்குப் பிளக் வேண்டும். சோப்பு டப்பாவை வாங்கியிருக்கலாம். கெத்து காட்டப் போனேன் பார், எனக்கு நல்லா வேணும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அத்தை மீன் ஏலத்துக்குப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொருகினேன். அவருக்குத் தெரியவா போகிறது? ஹெட்போனில் என் மூச்சே பெரிதாகக் கேட்டது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது, அத்தையைச் சொல்லி என்ன?

இதில் பெயர் வேறு. செத்தவர் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் மரண கானா பாட வேண்டும். “ஏதோ ஒரு பேரைப் போட்டுக்கங்க” என்கிறார் சினிமாக்காரர். ஏதோ ஒரு பேரா! எந்தப் பெயரைப் போட்டாலும் அந்தப் பெயரில் இந்தக் குப்பத்தில் யாராவது சோறு தின்றுகொண்டிருப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

லாஞ்சு வரவில்லை.

பிப்ரவரி 11, புதன்

கூடப் போன லாஞ்சுகள் எல்லாம் வந்துவிட்டன. இவர்களுடைய வயர்லெஸ்ஸில் பதிலே இல்லையாம். லாஞ்சு ஓனர் வேலப்பன், “இன்ஜின் மக்கர் பண்ணியிருக்கும்மா, வந்துடுவானுங்க” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

குழாயடியில் பக்கத்து வீட்டு குணசுந்தரி யாரிடமோ, “அந்தப் பொட்டி வந்த நேரம்” என்றாள். நான் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அடிப்பாவி, நான் வூட்ல ஒரு வார்த்த கூட பாடலடி!

பாட்டும் வேண்டாம், படமும் வேண்டாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாயிடம் போனேன். பிரித்த பெட்டியை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். பாய் வாங்கிக்கொண்டார். சின்னதை எடுத்து என் பையில் வைத்தார். “இதுக்குப் பிளக் வாணாம். பாடறதும் பாடாததும் உன் இஷ்டம். நான் துஆ பண்றேன், வந்துடுவாரு” என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பாடிவிட்டேன்.

காசிமேட்டு வலைக் கொட்டகையில். அங்கே கரண்ட் கிடையாது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு வலைக் குவியல், வெளியே ஐஸ் உடைக்கிற சத்தம்கூட உள்ளே வரவில்லை. சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பெயர் வரும் இடம் வந்தது. என் பெயரைப் போட்டேன். போனியே ஜெயஸ்ரீ, சொல்லாம போனியே என்று எனக்கு நானே பாடினேன். கடலுக்கு ஒரு ஆள் வேணும்னா என்ன எட்த்துக்கோ, அந்தாள வுட்டுடு என்று நினைத்துத்தான் பாடினேன். படத்துக்காகவும்தான். இங்கே பொய் எழுத மாட்டேன்.

நிமிர்ந்தால் கொட்டகை வாசலில் அத்தை.

“யார் பேர்மே போட்ட?”

“என் பேருதான் அத்த.”

கூடையைத் தொப்பென்று போட்டுவிட்டு வந்து நறுக்கென்று குட்டினார். “உன் பேர போட்டா மட்டும் என் வூடு நல்லா இருக்குமாடி?”

இரண்டு பேரும் வலைமேல் உட்கார்ந்து அழுதோம். அனுப்பு என்றும் அவர் சொல்லவில்லை, அனுப்பாதே என்றும் சொல்லவில்லை. அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

யோவ், எங்கய்யா கீற?

பிப்ரவரி 14, சனி

போன் வந்தது! கிருஷ்ணப்பட்டினத்திலிருந்து, யாருடைய போனிலோ. கியர்பாக்ஸ் உடைந்து, பேட்டரி செத்து, மிதந்துகொண்டே போயிருக்கிறார்கள். ஆந்திராப் படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்களாம். கியர்பாக்ஸைச் சரிசெய்துவிட்டு லாஞ்சிலேயே வருவார்களாம்.

“இன்னாமே, சாப்ட்டியா?” என்று கேட்கிறார். சாப்ட்டியாவாம்! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அத்தை போனைப் பிடுங்கி, மிச்சத்தை அவர் திட்டினார்.

பிப்ரவரி 19, வியாழன்

பாட்டை எடுத்துக்கொண்டார்கள். அப்படியே படத்தில் வருமாம். சந்தோஷம்தான். ஆனால் அவர் வந்து இறங்கும்வரை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

வந்துவிட்டார். உதடெல்லாம் வெடித்து, பாதி ஆளாக இருக்கிறார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு பாட்டைக் கேட்கணும் என்றார். நான் அத்தையைப் பார்த்தேன். “இப்ப கரையிலதான கீறான், கேக்கட்டும்” என்றார் அத்தை.

சின்னப் பெட்டியில் ஹெட்போனைச் சொருகிக் கொடுத்தேன். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். நடுவில் தாளம் நின்றது. பெயர் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். முடியும்வரை அவர் அசையவில்லை. மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அடுத்த தபா எம் பேர போடுமே. நான்தான் சாவு வரைக்கும் போய்ட்டு வந்துட்டேனே.”

சோறு ஆறுது, சாப்டுயா என்றேன்.