கரைக்குக் கீழே

பிப்ரவரி 9

ஞாயிறு. ஏரியில் கூட்டம். பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கும் சத்தம், அண்ணன் ஒலிபெருக்கியில் "சிவப்புப் படகு, நேரம் முடிஞ்சுது, திரும்பி வாங்க" என்று கத்தும் சத்தம், எல்லாம் எங்கள் சமையலறைக்குள் வந்து விழுகின்றன. ஏரியே அண்ணன் உருவாக்கியதுதான். தன் நிலத்தில் ஓடையை மறித்து, மண்ணைக் கொட்டி உயரமாகக் கரை போட்டு, நீந்த ஒரு மூலை, படகுக்கு ஒரு துறை. கரைக்குக் கீழே பள்ளத்தில் எங்களுக்கு வீடு கட்ட இடம் கொடுத்ததும் அவன்தான்.

பின்பக்கம் துணி காயப்போடப் போனேன். செருப்பு புதைந்தது. மழை பெய்து எத்தனையோ நாளாகிறதே?

பிப்ரவரி 10

கரையின் அடியில், புல் மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருக்கும் ஓரிடத்தில், தண்ணீர் ஊறுகிறது. தெளிந்த தண்ணீர்தான். அண்ணனை அழைத்து வந்து காட்டினேன்.

"மண் கரைன்னா வேர்க்கத்தான் செய்யும் பாப்பா. நமக்கு வேர்க்கலையா?"

சிரித்துவிட்டேன். தலை நரைத்த பிறகும் நான் அவனுக்குப் பாப்பாதான்.

பிப்ரவரி 27

தண்ணீர் கலங்கி வருகிறது. ஒரு டம்ளரில் பிடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் அடியில் விரல் கனத்துக்கு மண். கரைக்குள்ளிருந்து வந்த மண். அப்படியென்றால் கரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டு போகிறது — அப்படித்தானே? நான்தான் பயந்து சாகிறேனா?

டம்ளரை அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். "ஏரியை வடிச்சுட்டு எதை வச்சுப் பொழைக்கிறது? வெயில் காலம் இப்பத்தான் ஆரம்பிக்குது" என்றார் அண்ணி. அண்ணன் டம்ளரை வாங்கி, பார்க்காமலே ஜன்னல் ஓரத்துச் செடியில் ஊற்றினான்.

மார்ச் 2

தூக்கம் இல்லை.

மார்ச் 6

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பள்ளிப் பேருந்தைக் கழுவிக்கொண்டே கேட்டார். "அண்ணன் தங்கச்சி நடுவுல நான் மூக்கை நுழைச்சா, நாளைக்கு நீங்க ஒண்ணாயிடுவீங்க, நான் கெட்டவன் ஆயிடுவேன்."

சரிதான். ஆனால் அவரும் இந்த வீட்டில்தானே படுக்கிறார்? பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் இரட்டைக் குழந்தைகள் இன்றும் கரைச் சரிவில் உருண்டு விளையாடின.

மார்ச் 11

சொல்லிவிட்டேன். அணைகளைப் பார்க்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில், நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையிலிருந்து. கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "சத்தமா பேசுங்கம்மா, யாரோட ஏரி?" என்றார்கள். சத்தமாகச் சொன்னேன். என் அண்ணனோட ஏரி.

முதலாளி திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 13

பொறியாளர் வந்தார். சின்ன வயசுப் பெண். சேற்றில் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். கரைக்குள் போகும் பழைய இரும்புக் குழாயை ஒட்டித் தண்ணீர் வழி கண்டுபிடித்திருக்கும் என்றார். ஏரியை உடனே வடிக்க வேண்டுமாம்.

"இத்தனை வருஷமா நிக்குது மேடம்" என்றான் அண்ணன்.

"கரை உடைய ஆரம்பிச்சா யாராலயும் நிறுத்த முடியாது சார். கீழ வீடுங்க இருக்கு."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "வந்த வேலை முடிஞ்சுதில்ல? நீங்க வீட்டுக்குப் போங்க."

நீங்க.

பிறந்ததிலிருந்து அவன் வாயில் எனக்கு அந்தச் சொல் வந்ததில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாப்பா என்று சொல்லி நாலு அறை விட்டிருந்தால்கூட —

மார்ச் 16

பம்புகள் ஓடுகின்றன. காதைப் பொத்தினாலும் கேட்கிறது.

மார்ச் 20

ஏரி போய்விட்டது. வெறும் சேறு. படகுகள் ஒருக்களித்துக் கிடக்கின்றன. குட்டையாகத் தேங்கிய இடத்தில் மீன்கள் துடிக்க, அண்ணி முழங்கால் சேற்றில் நின்று, வாளியில் அள்ளி அள்ளி ஓடையில் விட்டுக்கொண்டிருந்தார். நானும் ஒரு வாளியோடு இறங்கினேன்.

"வேணாம். நீ செஞ்ச வரைக்கும் போதும்."

அண்ணி இன்னும் 'நீ' என்கிறார். அதற்கே அழுகை வந்தது.

ஏப்ரல் 4

தண்ணீர் இனித் தேங்காதபடி இயந்திரத்தால் கரையை நடுவில் வெட்டினார்கள். குழாயை ஒட்டி ஓட்டை. பொறியாளர் கையை விட்டார். தோள் வரை போனது. அண்ணனும் மண்டியிட்டுக் கையை விட்டான். எடுத்த கையைத் துடைக்காமல் அப்படியே நின்றான். இப்போது என்னைப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்த்தான். பார்த்துவிட்டு மறுபக்கமாக இறங்கிப் போனான்.

நான் சொன்னது சரி. சரியாக இருந்து என்ன பண்ண? தப்பாகப் போயிருந்தால் காலில் விழுந்து மன்னிப்பாவது கேட்டிருப்பேன். சரியாகச் சொன்னதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது?

மே 18

அண்ணன் வீடு காலி. தையல்காரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அண்ணியின் தம்பி இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்களாம். அங்கே ஏதோ கார் நிறுத்துமிடத்தில் அண்ணனுக்குக் காவல் வேலையாம். என் அண்ணனுக்கு.

"கொஞ்ச நாள் போனா எல்லாம் சரியாயிடும்" என்றார் வீட்டுக்காரர். எதுவும் சரியாகாது. எனக்குத் தெரியும். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. சமைத்ததை அப்படியே மூடி வைத்தேன்.

ஜூன் 30

வேலைக்குப் போனேன். வந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை. மேலே ஒரு சத்தமும் இல்லை.

ஆகஸ்ட் 22

விடாத மழை. ஓடை பெருகி, கரையை வெட்டின இடத்தின் வழியாகப் பாய்ந்து வந்தது. தையல்காரம்மாவின் வேலியைத் தொட்டது, அதற்கு மேல் ஏறாமல் ஓடிவிட்டது. ஏரி நிறைந்து நின்றிருந்தால் — வேண்டாம், எழுதமாட்டேன்.

மத்தியானம் தொலைபேசி. அண்ணி. போன பிறகு முதல் தடவை.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?"

"இல்ல அண்ணி. வரல. நீங்க எப்படி —"

"கேக்கச் சொன்னார்."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது.

"வரலையாம்."

வைத்துவிட்டார்.